அவசரக்காரிக்கு வைத்த பெயர்

ஹோசியா கிகெனுக்கு ஒரே ஒரு ஆசைதான். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வேகமான பெயர் அமைய வேண்டும். ஆண் என்றால் கிப்சிர்ச்சிர், பெண் என்றால் ஜெப்சிர்ச்சிர். அவசரமாகப் பிறந்த பிள்ளை என்று பொருள்.

இதில் என்ன கஷ்டம், வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்த மேட்டு நிலத்தில் அப்படியெல்லாம் வைத்துவிட முடியாது. பிள்ளை எப்படிப் பிறந்ததோ அதுதான் பெயர். மாடு மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரத்தில் பிறந்தால் ஒரு பெயர், மழையில் பிறந்தால் ஒரு பெயர், விருந்தாளி வந்திருக்கும்போது பிறந்தால் இன்னொரு பெயர். பிள்ளை பிறந்த இடத்தில் பெண்கள் கூடி, எப்போது வந்தது, எப்படி வந்தது என்று விசாரிப்பார்கள். நடந்ததையே பெயராக வைப்பார்கள். சர்ச்சில் வைக்கும் பெயரை யார் எப்படி வைத்தாலும் யாருக்கும் கவலையில்லை. இந்தப் பெயரில் மட்டும் அப்பனுக்கு வாய் கிடையாது. பொய் சொல்லி வாங்கிய பெயர் பிள்ளையிடம் ஒட்டாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கிகென் என்றால் காக்க வைத்தவன். அவனைப் பெற்றவள் பத்து மாதம் தாண்டியும் அவனைச் சுமந்தாள். வாழ்க்கையும் அந்தப் பெயரின் வழியிலேயே போய்விட்டது என்பது ஹோசியாவின் கட்சி. மாரத்தான் பந்தயங்களில் அவனுக்கு முயல் வேலை. முன்னணி ஓட்டக்காரர்களுக்கு முன்னால், சொன்ன வேகத்தில் ஒரு வினாடி கூடாமல் குறையாமல் ஓட வேண்டும். முப்பதாவது கிலோமீட்டர் வந்ததும் சாலையோரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவனைத் தாண்டிப் போகிறவர்கள் போய் ஜெயிப்பார்கள். ஒன்பது வருடமாக இதுதான் தொழில். நாலு மாடும் தகரக் கூரை வீடும் இந்தத் தொழிலில் வந்ததுதான், குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும் தன் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் வாயில் வேகம் வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசைப்படுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அவனுடைய டச்சுக்கார ஏஜென்ட் யூஸ்ட், விஷயம் தெரிந்ததும் வாட்ஸப்பில் ஒரு பக்கத்தை அனுப்பிவைத்தார். விளையாட்டு வீரரின் வேகமும் நளினமும் தோன்றும் அறுபது குழந்தைப் பெயர்கள் என்று அதன் தலையில் போட்டிருந்தது. ஒரு மாலை, அடுப்பில் உகாலிக் களி வெந்துகொண்டிருக்க, ஹோசியா ஒவ்வொன்றாக வாசித்தான். அவன் மனைவி சலீனா வயிற்றைத் தாங்கியபடி முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடியவள்தான். முழங்கால் போனதும் நிறுத்திவிட்டாள்.

"இது சிறுத்தைன்னு அர்த்தமாம்," என்றான்.

"எங்கப்பாவோட ஆட்டுல எத்தனையைச் சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு தெரியுமா? அந்தப் பேரை வச்சுப் பாரு, பேரப்பிள்ளையைப் படலுக்குள்ளயே விட மாட்டார்."

"மான்?"

"நம்ம சோளத்தை மேய்ஞ்சுட்டுப் போறதுக்கா?"

"காத்து மாதிரி ஓடுறவன்னு ஒண்ணு இருக்கு."

"காத்துக்கு எங்க நிக்கணும்னே தெரியாது. சரி, அது என்ன நளினம் நளினம்னு போட்டிருக்கான்?"

ஹோசியா யோசித்தான். "எவ்வளவு வேகமா ஓடினாலும் முகம் கோணாம இருக்கிறது."

"அப்போ அது அப்பன்கிட்ட இருந்து வர வாய்ப்பில்ல," என்றாள் சலீனா. களியைக் கிண்டப் போகிற சாக்கில் எழுந்து, சிரிப்பை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அறுபதில் ஒன்றும் தேறவில்லை. தேறினாலும் பிரயோஜனமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெயரைப் பிரசவம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பிரசவத்தையே அவசரமாக நடத்திவிட்டால் என்ன என்று ஹோசியாவுக்கு ஒரு யோசனை முளைத்தது. வலி கண்டதுமே சுகாதார நிலையத்தில் போய்ப் படுத்தால் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று இழுக்கும். கடைசி நேரத்தில் போய் இறங்கினால் இறங்கியதும் பிறக்கும். பார்க்கிற பெண்களெல்லாம், அடேயப்பா என்ன அவசரம் என்று வாயில் கை வைப்பார்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? உண்மையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறோம், அவ்வளவுதான். இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்துவிட்டான். 'முதல் பிரசவம், வலி வந்ததும் கிளம்பி வந்துடணும்' என்று நர்ஸ் நவோமி மூன்று முறை சொல்லியிருந்தாள். அதை அவன் காது கேட்டது, மனசு கேட்கவில்லை.

ஏப்ரல் மாதத்து மழை ராவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு சலீனா அவன் தோளைத் தட்டி எழுப்பி, வலிக்கிறது என்றாள். ஹோசியா முதலில் கையை நீட்டியது கடிகாரத்துக்கு. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று எடுத்தான். பன்னிரண்டு. பிறகு பத்து. சலீனாவின் தம்பி சைலஸ், போனில் சொன்னதும் பழைய டொயோட்டா வேனோடு அப்போதே வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"கிளம்பலாமா மாமா?"

"இரு. டீ போடுறேன், குடிச்சுட்டுப் போலாம்."

"டீயா? மழை பெஞ்ச ரோடு மாமா. அங்க போய்க் குடிச்சுக்கலாம்."

"பாலை அடுப்புல வச்சுட்டேன். குடி."

சைலஸ் ஒரு டம்ளர் குடித்தான். இன்னொரு டம்ளரும் குடிக்க வைக்கப்பட்டான். எட்டு நிமிடம். ஆறு நிமிடம். சலீனா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான்கு நிமிடம் ஆனதும் ஹோசியா, ம், இப்போ கிளம்பு என்றான். அப்போது ஆறரை.

ஒன்பது கிலோமீட்டர் சாலை. ஆறு கிலோமீட்டர் ஒழுங்காகப் போனது. பாலத்தைத் தாண்டி ஒரு பள்ளம், அதில் செம்மண் குழம்பி நின்றது. சைலஸ் வேகத்தைக் கூட்டித் தாண்டப் பார்த்தான். வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பின்சக்கரம் இரண்டும் பாதிவரை புதைந்து நின்றுவிட்டது. ஹோசியா இறங்கித் தள்ளினான். முழங்கால்வரை சேறு ஏறியதுதான் மிச்சம். கல் போட்டார்கள், மரக்கிளை போட்டார்கள். சக்கரம் சுற்றியது, வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

உள்ளே சலீனா கத்தினாள். இதுவரை கத்தாதவள். ஹோசியா கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிடம்.

"ஆறு மணிக்கு முன்னாடியே வந்து நின்னேனே மாமா," என்றான் சைலஸ். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "டீ குடி டீ குடின்னீங்களே."

ஹோசியா மறுபடி ஒருமுறை வண்டியைத் தள்ளிப் பார்த்தான். பெயராவது மண்ணாவது. இந்தப் பள்ளத்தில் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று அதே நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளத்தில் போன் எடுக்கவில்லை. ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவரலாம். மூன்று கிலோமீட்டர்தான், ஒன்பது நிமிடம் போதும். ஆனால் இவளை விட்டுவிட்டா? காலை எடுத்து வைத்தான், திரும்பினான், மறுபடி எடுத்து வைத்தான்.

அப்போதுதான் பாலத்துப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை காலையில் இந்தச் சாலைகளில் அது கேட்காமல் இருக்காது. சனிக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு உரிய நாள். பதினான்கு பேர், ஆணும் பெண்ணுமாக, முதுகில் ஆவி பறக்க வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ரோடா ஜெலகாட். கண்டம் விட்டுக் கண்டம் போய் ஐந்து மாரத்தான் ஜெயித்தவள். அதில் இரண்டில் ஹோசியாதான் அவளுக்கு முயலாக ஓடியிருந்தான். இன்னும் இரண்டு வாரத்தில் அவளுக்கு அடுத்த பந்தயம். அன்றைக்கு அவர்கள் முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடியிருந்தது ஏழுதான்.

ரோடா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு பிள்ளை பெற்றவள், பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வண்டியை விட்ருங்க, அதைச் சாயங்காலம் டிராக்டர் இழுக்கட்டும்," என்றாள். "பின் சீட்டைக் கழட்டு, சைலஸ். ஸ்பானர் இருக்கா? அடியே பெட்டி, நீ முன்னாடி ஓடிப்போய் நவோமிகிட்ட சொல்லு. இருக்கிற வேகத்தையெல்லாம் காட்டு, அடுத்த வாரத்துக்கு மிச்சம் வைக்காத."

பெட்டி என்ற மெலிந்த பெண், சேற்றில் ஒரு துளிகூடத் தெறிக்காமல் சோளக்காட்டு ஒற்றையடிப் பாதையில் பறந்து மறைந்தாள். நாலு போல்ட்டையும் கழற்றிச் சீட்டை வெளியே எடுத்தார்கள். சலீனாவை அதில் படுக்க வைத்து, பெண்கள் தங்கள் மழைச்சட்டைகளைக் கழற்றிப் போர்த்தினார்கள். மூலைக்கு ஒருவராக நாலு பேர் தூக்கினார்கள். ஹோசியாவும் ஒரு மூலைக்குப் பாய்ந்தான்.

"நீ இங்க வேணாம்," என்றாள் ரோடா. "நீ முன்னாடி போ."

"அக்கா, நான் தூக்குறேன். என் பொண்டாட்டி அக்கா."

"வேகம் பிடிக்கிறதுதானே உன் தொழில்? முன்னாடி போய் வேகத்தைப் பிடி. தூக்குறவங்க உன் காலைப் பார்த்துக் கால் வைக்கட்டும்."

ஹோசியா முன்னால் போய் நின்றான். பழக்க தோஷம், காலை எடுத்ததும் வேகமாக எடுத்துவிட்டான். பின்னால் சீட் குலுங்கியது, சலீனா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"டேய், எங்கடா போற, கேமரா வண்டி எதுவும் முன்னாடி போகுதா?" என்று ரோடா அதட்டினாள். "இவளுக்கு ஏத்த வேகம். ஒவ்வொரு காலா வை."

ஒவ்வொரு காலாக வைத்தான். குதிகாலை முதலில் சேற்றில் அழுத்தி, வழுக்காது என்று தெரிந்தபின் எடையை இறக்கி, பிறகு அடுத்த கால். பின்னால் எட்டுக் கால்கள் அவன் கால் பட்ட இடத்துக்கு இரண்டு பக்கமும் அதேபோல இறங்கின. உலகத்தில் யாரும் பிடிக்க முடியாத கால்கள் என்று பேப்பரில் படம் போடுகிறார்களே, அந்தக் கால்கள்தான். கல்யாண ஊர்வலத்தில் கிழவிகள் நடப்பதைவிட மெதுவாக நடந்தன. தோள் வலித்ததும் ஆள் மாறினார்கள். ஓடும்போது தண்ணீர்ப் புட்டியை எப்படி நிற்காமல் கை மாற்றுவார்களோ அப்படி, சீட் ஒரு விரல்கூட இறங்காமல் மாறினார்கள். அவர்களில் பலரும் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதற்காகவே விடியுமுன் எழுந்திருக்கிறவர்கள்.

வலி வரும்போது ரோடா 'நில்' என்பாள். எல்லோரும் நிற்பார்கள். அவள் சலீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊது, ஊது, கடைசிச் சுத்துல ஊதுவியே, அப்படி ஊது," என்பாள். வலி போனதும் 'போ' என்பாள்.

நிக்சன் என்ற நெட்டையன் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "என் கடிகாரம் நின்னுபோச்சு," என்றான்.

"ரிப்பேரா?"

"இல்ல. நான் எங்கயோ உக்காந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு தானா எண்ணுறதை நிறுத்திடுச்சு. என் மானமே போச்சு."

சீட்டில் கிடந்தபடி சலீனா சிரித்துவிட்டாள். சிரித்ததும் வலி வந்தது, நிக்சனைத் திட்டினாள். திட்டு வாங்கிய சந்தோஷத்தில் நிக்சன் மூலையை மாற்றிக் கொடுக்க மறுத்துவிட்டான்.

முன்னால் நடந்துகொண்டிருந்த ஹோசியாவுக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் துடைக்கக் கையைத் தூக்கினால் நடை மாறிவிடும் என்று துடைக்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இவ்வளவு தாமதமாகக் கிளம்பினாய் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. மழைதான் காரணம் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அது அவனை இன்னும் குத்தியது.

மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. சுகாதார நிலையத்தின் இரும்புக் கதவருகே நர்ஸ் நவோமி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குடையோடு ஹோசியாவின் மூத்த அக்கா பிலோமினா. கிளம்பும்போது சைலஸ் போனில் சொல்லியிருந்ததால், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏழு மணியிலிருந்து அங்கே காத்திருக்கிறாள். நவோமி மழைச்சட்டைகளை விலக்கிப் பார்த்ததும், "உள்ள வேணாம், நேரமில்ல, இங்கயே இறக்குங்க," என்றாள். கதவுக்கு வெளியே, காவல்காரர் கொட்டகையின் தகரத் தாழ்வாரத்தில், கார் சீட்டை அப்படியே தரையில் வைத்தார்கள். ஆண்களெல்லாம் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். பெண்கள் சுற்றி நின்று மறைத்தார்கள்.

நவோமி கையுறையின் இரண்டாவது விரலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள், அதற்குள் பிள்ளையின் தலை தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நவோமி பேசவில்லை, பெண்கள் பேசவில்லை. பிள்ளையும் அழவில்லை. சாலையைப் பார்த்து நின்ற ஹோசியாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. நிக்சன் அவன் பின்கழுத்தில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு கீச்சுக் குரல். அடுத்ததாக, கோபமாக ஒரு முழு அழுகை.

"பொண்ணு," என்றாள் நவோமி. "கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்தது. அந்தப் பள்ளத்துலயே பிறந்திருந்தா..."

பத்து மணி வாக்கில் தாயும் பிள்ளையும் உள்ளே கட்டிலில் இருந்தார்கள். பெண்கள் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். பிலோமினா அக்கா, பக்கத்து வீட்டுப் பெண்கள், ஓட்டக்காரப் பெண்களில் ரோடாவும் பெட்டியும். ஹோசியா வாசற்படியில் நின்றான். இந்தப் பேச்சில் ஆணுக்கு இடம் வாசற்படிதான்.

"மழையில வந்திருக்கா," என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "ஜெரோப்னு வைக்கலாம்."

"மழை விடியறதுக்கு முன்னாடியே விட்டுடுச்சு. கூரை சொட்டினதை மழைன்னு சொல்ல முடியுமா?"

பிலோமினா அக்கா நவோமியைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. எப்படி வந்தா?"

"எப்படி வந்தாளா? நான் கையுறை போடுறதுக்குள்ள வந்துட்டா. முதல் பிரசவத்துல இப்படி நான் பார்த்ததே இல்ல."

பிலோமினா அக்காவின் முகம் மலர்ந்தது. தம்பியின் ஆசை அவளுக்குத் தெரியும். தாய் போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனுக்கு ஒரு நல்லது கிடைக்கிறதென்றால் அவளுக்கு அதைவிட வேறு இல்லை. "அப்புறம் என்ன யோசனை? அவசரக்காரி வந்திருக்கா. ஜெப்சிர்ச்சிர்." சுற்றி இருந்த பெண்கள் தலையாட்டினார்கள்.

கேட்டது கையில் வந்து விழுந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. நர்ஸே சாட்சி. ஹோசியா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், மகளின் பெயரில் ஆயுசுக்கும் வேகம் இருக்கும். அவன் கண் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. ஓட்டக்காரர்கள் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வியர்வை காய்ந்து, குளிரில் உடம்பு வெடவெடக்க, செம்மண் பூசிய கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாமல் போவதில்லை என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா," என்றான் ஹோசியா. "அவ அவசரமா வரல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசற்படியில் நிற்பவன் பேசுவது வழக்கமில்லை.

"வலி அஞ்சு மணிக்கே வந்துடுச்சு. சைலஸ் வண்டியோட வந்து நின்னான். நான்தான் நிறுத்தி வச்சேன். டீ போட்டுக் குடுத்து, ஒண்ணரை மணி நேரம். கடைசி நேரத்துல வந்தா அவசரமா பிறக்கும், நீங்க அந்தப் பேரை வைப்பீங்கன்னு. அதுக்காகத்தான் அக்கா. எம்பொண்டாட்டியையும் புள்ளையையும் சேத்துல கொண்டுபோய்ப் போட்டது நான்."

பிலோமினா அக்கா எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். அவள் கை ஓங்கிய மாதிரிதான் இருந்தது.

"டீயா?" என்றாள். "ஒரு பேருக்காகவா?"

"ஆமா."

"அவனை மட்டும் திட்டாதீங்க, அண்ணி," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். சலீனா கண்ணை மூடியபடியே பேசினாள். "வலி அஞ்சு மணிக்கு வரல. நேத்து சாயங்காலம் பால் கறக்கும்போதே வந்துடுச்சு. நான் சொல்லல."

ஹோசியா வாய் பிளந்து நின்றான். "ஏன்?"

"நீ மட்டுமா ஓடின? நானும்தான் ஓடினேன். எனக்கும் அந்தப் பேரு வேணும்போல இருந்தது." கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. "நல்லவேளை, இவங்க வந்தாங்க. இவங்க வரலைன்னா..."

பிலோமினா அக்கா கையை இறக்கினாள். தம்பியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "ஒரு வீட்டுல ஒரு பைத்தியம்னா எப்படியாவது சமாளிக்கலாம்," என்றாள். ரோடாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே பிலோமினா அக்கா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கையும் சிந்திக்கொண்டாள்.

"சரி. நடந்ததை நடந்தபடி சொல்லுவோம்," என்றாள். "எங்க பிறந்தா?"

"கதவுக்கு வெளிய," என்றாள் நவோமி. "ரோட்டோரம். வந்த சீட்டு மேலயே."

"அப்போ வழியில பிறந்திருக்கா. பயணக்காரி. ஜெருட்டோ."

ஒவ்வொருத்தியாக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். சலீனாவும் சொன்னாள். ஹோசியா வாசற்படியிலேயே நின்று, உதடு அசையாமல் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தான். ஏமாற்றம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது, அவ்வளவுதான்.

காவல்காரர் கெட்டிலில் டீ கொதித்தது. பால் கூடுதலாக ஊற்றி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, ஹோசியாவே எடுத்துப் போனான். சுவரோரம் குந்தியிருந்த ஒவ்வொருவருக்கும் ஊற்றினான். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, இரண்டு கையாலும் டம்ளரைக் கொடுத்து, "கொங்கோய்," என்றான். நன்றி என்பதற்கு இங்கே இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். கடன் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு அது அவனுக்குப் பற்றவில்லை. வேறு வார்த்தை இல்லாததால் அதையே பதினான்கு தடவை சொன்னான்.

"பேரு என்ன?" என்று நிக்சன் கேட்டான்.

"ஜெருட்டோ."

"நல்ல பேரு. பயணம்தான் நடந்துச்சுன்னு என் கடிகாரத்துக்கும் சொல்லணும்."

கடைசியாக ரோடா. அவள் வெளியே வந்து ஷூவைக் கழற்றி உள்ளிருந்த சேற்றைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த முப்பத்தொரு கிலோமீட்டர் அன்றைக்குப் போனது போனதுதான். அவளுடைய பந்தயத்துக்கு முன்னால் இனி ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

"கொங்கோய், அக்கா. உங்க ஓட்டத்தைக் கெடுத்துட்டேன். இந்த நன்றியை எப்படிக் கழிப்பேன்னு தெரியல."

ரோடா டீயை ஊதிக் குடித்தாள். "எங்களுக்கு எதுக்குடா நன்றி? நாங்க நடந்தோம். நடக்கிறது என்ன பெரிய காரியமா?" என்றாள். "கழுத்துல ரெண்டு சுத்துக் கொடியை வச்சுக்கிட்டு, நாம எல்லாரும் ஆடி அசைஞ்சு நவோமி கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் உள்ளயே பொறுத்துக்கிட்டு இருந்தா பாரு, அவகிட்டப் போய்ச் சொல்லு."

ஹோசியா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். பெண்கள் விலகி வழி விட்டார்கள். சலீனா பிள்ளையை அவன் கையில் வைத்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இன்னும் இருந்தது. அதில் படாமல் தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, மகளின் காதருகே குனிந்தான்.

"கொங்கோய், ஜெருட்டோ," என்றான். "பொறுத்துக்கிட்டியே."